எல்லையைத் தூக்கி நடந்த தாசில்தார்

ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் கடற்கரை மடம் ஒன்றுக்குச் சீடராக வந்து சேர்ந்தார். பெயர் அரங்கநாயகம். வயது ஐம்பத்தொன்பது. மடத்தை நடத்திவந்த தவமணியம்மாளுக்கு நாற்பத்தொன்று. தன்னைவிடப் பதினெட்டு வயது இளையவரைக் குரு என்று சொல்ல அவருக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அம்மாளுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

"வாங்க தாசில்தாரே. என்ன கேள்வி?" என்றார்.

தாசில்தார் சட்டைப் பையிலிருந்து ஒரு மஞ்சள் கயிற்றை எடுத்தார். கத்தரியால் வெட்டப்பட்ட கயிறு. ஒரு துண்டு மஞ்சள் இன்னும் அதில் கட்டியிருந்தது.

"நம்பிக்கை மனுஷனைக் காப்பாத்துமா, கொல்லுமா?"

"யாரைக் கொன்னுது?"

"பதினோரு பேரை."

வடக்கே ஒரு மீனவர் ஊர். அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். காப்புக் கட்டியவர்கள் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டிப் போய்த் தங்கக் கூடாது. அந்த நேரம் பார்த்துப் புயல் வந்தது. ஊரே வரமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. போலீஸையும் லாரியையும் வரவழைத்தார் தாசில்தார். காப்புதானே தடுக்கிறது என்று கத்தரி வாங்கி, ஒவ்வொரு கையிலிருந்தும் தானே வெட்டினார். எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போய்ப் பாதுகாப்பான கட்டடத்தில் விட்டார். பதினோரு பேர் பின்வாசல் வழியாக நழுவி, மழையோடு மழையாக ஊருக்கே திரும்பிப் போய்விட்டார்கள். மூன்றாம் நாள்தான் கிடைத்தார்கள்.

"நான் கணக்காத்தான் எல்லாம் செஞ்சேன் அம்மா. காத்தோட வேகம், தண்ணி உயரம், எல்லாம் சொன்னேன். அவங்க இந்தக் கயித்தைச் சொன்னாங்க."

தவமணியம்மாள் கயிற்றைக் கையில் வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

"பின்கட்டுல அண்டா கிடக்கு. தேய்க்கத் தெரியுமா?"

தெரியாது. கற்றுக்கொண்டார். மடத்தில் தினமும் வழிப்போக்கர்களுக்குக் கஞ்சி ஊற்றுவார்கள். அந்த அண்டாவை மூன்று வருஷம் தேய்த்தார். தாலுகாவையே ஆட்டிப் படைத்தவர் சாம்பலும் தேங்காய் நாருமாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவே சிலர் வந்தார்கள். நடுவில் ஒருமுறை கேள்வியை ஞாபகப்படுத்தினார்.

"அண்டா அடி இன்னும் கறுப்பா இருக்கே," என்றார் அம்மாள்.

மடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு புயல் பாதுகாப்பு மையம் இருந்தது. தூண்மேல் நிற்கிற இரண்டு மாடிக் கட்டடம். தாசில்தார் பதவியில் இருந்தபோது அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவரே அவர்தான். அலுவலகத்தில் வரைபடத்தை விரித்துவைத்து, மேடான இடமாகப் பார்த்துப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். கிழக்கே ஆயிரம் அடி தள்ளி மணல்முனைக் குப்பம். நடுவில் ஒரு வாய்க்கால். குப்பத்தின் மேற்கு எல்லை வாய்க்காலுக்கு அந்தப் பக்கமே முடிந்துவிடுகிறது என்பது வரைபடத்தில் இல்லை. அவரும் யாரையும் கேட்கவில்லை. கட்டி முடித்துப் பதினான்கு வருஷம் ஆகியும் குப்பத்தார் ஒருவர்கூட அதில் படுத்து எழுந்ததில்லை. மொட்டைமாடியில் கருவாடு காயவைப்பார்கள். அதற்கு நல்ல இடம்.

நான்காம் வருஷம் சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையேறிக் கிடந்தது. வேலை இல்லாத அந்த நாளில்தான் குப்பத்தார் செல்லியம்மனுக்குத் திருவிழா எடுப்பார்கள். எட்டு நாள் திருவிழா. காப்புக் கட்டி ஐந்தாம் நாள் காலையில் ரேடியோவில் புயல் எச்சரிக்கை வந்தது.

தாசில்தாரின் கையில் இருந்த தேங்காய் நார் கீழே விழுந்தது. அப்படியே குப்பத்துக்கு ஓடினார்.

அதிகாரிகளின் ஜீப் ஒன்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டுப் போயிருந்தது. அவர்களுக்கு இன்னும் ஆறு ஊர் பாக்கி. குப்பத்தார் கோயில் பந்தலில் கூடியிருந்தார்கள். அத்தனை பேர் மணிக்கட்டிலும் மஞ்சள் கயிறு.

"நாளைக்கு விடியக்காலம் புயல் கரையேறுது. இந்த இடத்துல ஒண்ணரை ஆள் உசரம் தண்ணி நிக்கும். எல்லாரும் கட்டடத்துக்கு வந்துருங்க," என்றார் தாசில்தார். மூச்சு வாங்கியது.

பூசாரி காத்தலிங்கம் தன் கையைத் தூக்கிக் காட்டினார்.

"இன்னும் மூணு நாள் இருக்கு தாசில்தாரய்யா. எல்லை தாண்டிப் போய்த் தங்கக் கூடாது. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். அவரைவிட அது யாருக்குத் தெரியும்?

"உசுரு முக்கியமா, கயிறு முக்கியமா?" என்று கத்தினார்.

கூட்டத்தில் சந்தனமாரி என்றொரு பெண் எழுந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை, வயிற்றில் ஒன்று.

"அய்யா, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. இன்னிக்கு ராத்திரி நீங்க எங்க படுப்பீங்க?"

"கட்டடத்துலதான். ஏன்?"

"அப்ப நீங்க போய்ப் படுங்க."

சிலர் சிரித்தார்கள். தாசில்தாருக்குக் காது சிவந்தது.

"என் பேச்சுதான் வேணாம். அம்மனையே கேளுங்களேன்! பூப் போட்டுப் பாருங்க!"

கோபத்தில் சொன்னது. ஆனால் பூசாரிக்கு அது நியாயமாகப் பட்டது. அம்மனின் இரண்டு தோளிலும் ஈரமான அரளிப்பூ ஒவ்வொன்று வைப்பார்கள். கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். வலதுபூ விழுந்தால் சரி. இடதுபூ விழுந்தால் கூடாது.

"பொதுமக்கள் எல்லையைத் தாண்டி வெளியேறலாமா என்று கேளுங்கள்," என்று தாசில்தார் உத்தரவு வாசிக்கிற குரலில் சொன்னார்.

அம்மனிடம் அப்படியெல்லாம் பேச முடியுமா? பூசாரி தன் வாய்க்குத் தகுந்தபடி மாற்றிக்கொண்டார். "ஆத்தா, உன் புள்ளைங்க உன்னை விட்டுட்டு வெளிய போகலாமா?"

கண் மூடித் திறப்பதற்குள் இடதுபூ விழுந்தது.

கூட்டம் கலைந்தது. யாரும் அவரைத் திட்டவில்லை. கூரையைக் கயிறு போட்டு இழுத்துக் கட்ட ஆளாளுக்குக் கிளம்பிப் போனார்கள். சந்தனமாரியின் குழந்தை மட்டும் அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

மடத்துக்கு எப்படி நடந்து வந்தார் என்று அவருக்கே நினைவில்லை. தவமணியம்மாள் இரண்டு மூட்டை அரிசியைப் பிரித்துப்போட்டுக் களைந்துகொண்டிருந்தார்.

"இவ்வளவும் யாருக்கு?"

"குப்பத்து ஜனங்களுக்கு. இருநூத்திப் பதினெட்டுப் பேர்."

"ஒருத்தரும் வரமாட்டாங்க அம்மா. பூவும் இடது பக்கம் விழுந்துருச்சு." அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "திரும்பவும் அதே. இந்தத் தடவை இருநூத்திப் பதினெட்டு. என்னால தாங்க முடியாது."

அம்மாள் அரிசியைக் களைந்தபடியே கேட்டார். "வடக்கே அந்தப் பதினோரு பேரு எதுக்குத் திரும்பிப் போனாங்க?"

"காப்புக்காக."

"காப்பைத்தான் நீங்க வெட்டிட்டீங்களே."

தாசில்தாரின் கை சட்டைப் பைக்குப் போனது. வருஷக்கணக்காக அதில் கிடக்கிற கயிறு. வெட்டின பிறகு அவர்களைக் கட்டிப்போட என்ன இருந்தது? இத்தனை நாளில் இதை ஒருமுறைகூட அவர் யோசித்ததில்லை.

"லாரியில ஏறும்போது ஏதாவது சொன்னாங்களா?"

"எல்லாரும் அழுதாங்க. கூச்சல். ஒரு பொம்பளை மட்டும்..." அவர் நிறுத்தினார். முகம் மாறியது. "'அவ ஒத்தையில இருக்காளே'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. வீட்டுல யாரையோ விட்டுட்டு வந்துட்டான்னு நினைச்சு ஆளை அனுப்பிப் பார்த்தேன். வீட்டுல யாரும் இல்லை. பயத்துல உளர்றான்னு விட்டுட்டேன்."

அம்மாள் கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"வாங்க போகலாம்."

இருவரும் குப்பத்துக்கு நடந்தார்கள். வானம் செம்மண் நிறத்தில் இருந்தது. காற்று விட்டு விட்டு அடித்தது. கோயிலில் பூசாரி தனியாக இருந்தார். மடத்தம்மாவைக் கண்டதும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார்.

"இவருக்கு ஒரு காப்புக் கட்டுங்க," என்றார் தவமணியம்மாள்.

தாசில்தார் திரும்பிப் பார்த்தார். இதை அவர் எதிர்பார்க்கவில்லை.

பூசாரியும் யோசித்தார். "கட்டினா மூணு நாளைக்கு இங்கதான் தங்கணும். புயல் வந்தாலும் இங்கதான். தெரியுமில்ல அய்யா?"

ஒண்ணரை ஆள் உயரம் என்று காலையில் தான் சொன்னது தாசில்தாருக்கு நினைவு வந்தது. அவர் ஐந்தடி நான்கு அங்குலம். நீச்சல் தெரியாது.

"அம்மா, நீங்க கட்டிக்கலையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நானும் கட்டிக்கிட்டா கஞ்சியை யாரு இறக்குறது?" என்றார் அம்மாள்.

தாசில்தார் கையை நீட்டினார். பூசாரி மஞ்சள் கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். திருநீறு பூசினார். கூரை கட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக இறங்கி வந்து நின்றார்கள். சந்தனமாரியும் வந்தாள். அவர் மணிக்கட்டையே பார்த்தாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"நான் ஆத்தாகிட்ட ஒண்ணு கேக்கணும்," என்றார் தாசில்தார்.

"ஒரு நாள்ல ஒரே கேள்வியை ரெண்டு தரம் கேக்கக் கூடாதுங்க."

"இது வேற கேள்வி."

பூசாரி புதிதாக இரண்டு அரளிப்பூவைத் தண்ணீரில் நனைத்து அம்மனின் தோள்களில் வைத்தார். தாசில்தார் சந்நிதி முன்னால் போய் நின்றார். வாழ்நாள் முழுக்க மனு வாங்கியே பழக்கப்பட்டவர். கொடுக்கத் தெரியவில்லை. தொண்டையைச் செருமினார்.

"ஆத்தா, தண்ணி வருது. நீ இங்க ஒத்தையில இருக்க வேணாம். எங்ககூட நீயும் வர்றியா?"

பூ அசையவில்லை.

பூசாரியின் உதடு முணுமுணுத்தது. கற்பூரம் எரிந்து தீர்ந்தது. இன்னொரு கட்டி வைத்தார்கள். அந்த லாரியும் அதன் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்ணும் தாசில்தாரின் கண்முன் வந்தார்கள். அவளிடம் அன்றைக்கு ஒரு வார்த்தை, யாரம்மா ஒத்தையில் இருக்கா என்று கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. அவர் அழுதுவிட்டார். அத்தனை பேர் முன்னால், சிறுபிள்ளை மாதிரி விம்மி அழுதார்.

"வா ஆத்தா," என்றாள் சந்தனமாரி.

"வா தாயே," என்றார்கள் பின்னால் நின்றவர்கள்.

கடல் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. பந்தல் படபடத்தது. வலதுபூ விழுந்தது.

குலவைச் சத்தம் எழுந்தது. பூசாரி காத்தலிங்கம் சட்டென்று கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினார். அவர் முகத்தில் புதுக் கவலை ஒன்று வந்திருந்தது.

"ஆத்தா வர்றா, சரி. எல்லை? காப்புக் கையோட நாம எல்லையைத் தாண்டிப் போய்த் தங்கக் கூடாதே."

எல்லோரும் தவமணியம்மாளைப் பார்த்தார்கள். அம்மாள் தாசில்தாரைப் பார்த்தார். தாசில்தார் கண்ணைத் துடைத்துக்கொண்டு பூசாரியிடம் கேட்டார்.

"எல்லையை யாரு கட்டுறது?"

"நான்தான். காப்புக் கட்டுற அன்னிக்கு நாலு திசையிலயும் வேப்பங்கழி நட்டு, மஞ்சத்தண்ணி தெளிச்சு, பம்பை அடிச்சுச் சுத்தி வருவேன். எங்கப்பா நட்ட இடத்துலயே நடுறேன்."

"உங்க பாட்டனார் எங்க நட்டாரு?"

"மேற்க அதே இடம். கிழக்கதான்..." பூசாரி கடலைக் காட்டினார். "அவரு காலத்துல கிழக்கெல்லை அதோ, அந்த அலை உடையுற இடம். அப்புறம் கடல் உள்ள வந்துருச்சு. எங்கப்பாதான் கழியைப் பிடுங்கி இங்க கொண்டாந்து நட்டாரு."

சொல்லிவிட்டு அவர் மேற்கே திரும்பி, வாய்க்காலுக்கு அப்பால் நின்ற கட்டடத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் பம்பையை எடுத்துவந்து ஓர் இளைஞன் தோளில் மாட்டினார்.

"மேற்கெல்லைக் கழியைப் பிடுங்கணும். யாரு தூக்குறது?"

"நான் தூக்குறேன்," என்றார் தாசில்தார்.

அவருக்குத்தான் கொடுத்தார்கள்.

மத்தியானம் மூன்று மணிக்கு மணல்முனைக் குப்பம் கிளம்பியது. முன்னால் வேப்பங்கழியைப் பிடித்துக்கொண்டு தாசில்தார். அவருக்குப் பக்கத்தில் மஞ்சள்தண்ணீர் தெளித்தபடி பூசாரி. அடுத்து நான்கு பேர் தோளில் செல்லியம்மன். பின்னால் பம்பை, கோழிக்கூடை, பாய், குழந்தைகள், ஆடுகள், நடக்க முடியாத இரண்டு பேரைச் சுமந்த கட்டில். கழி எவ்வளவு தூரம் போனதோ அவ்வளவு தூரம் எல்லை. ஒருவரும் அதைத் தாண்டவில்லை. எல்லை அவர்களுக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தது.

வாய்க்கால் பாலத்தில் தாசில்தார் ஒரு கணம் நின்றார். எத்தனையோ நில அளவைக் கல்லை நடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர் அவர். ஒன்றைக்கூடத் தூக்கிப் பார்த்ததில்லை. கழி நல்ல கனம்.

"நடங்க அய்யா, மழை வருது," என்றாள் பின்னாலிருந்து சந்தனமாரி.

கட்டடத்தின் மேற்குச் சுவரோரம் குழி தோண்டிக் கழியை நட்டார்கள். அம்மனை மேல்மாடியில் கிழக்கு பார்த்து உட்காரவைத்தார்கள். தவமணியம்மாள் கஞ்சி அண்டாவை இறக்கிவைத்துக் காத்திருந்தார். தாசில்தார் தலைகளை எண்ணினார். இருநூற்றுப் பதினெட்டு. ஒருமுறை எண்ணினால் அவருக்குப் போதவில்லை. விடியும்வரை எண்ணிக்கொண்டே இருந்தார். பின்வாசல் பக்கம் ஒருவரும் போகவில்லை. அவர்கள் தேடிப் போக வேண்டியவள் அங்கேயேதான் இருந்தாள்.

புயல் சொன்ன நேரத்துக்கு வந்தது. காலை ஒன்பது மணிக்கு மேல்மாடியிலிருந்து பார்த்தபோது குப்பத்தின் கூரை ஒன்றைக்கூடக் காணோம். கோயிலின் முன்சுவர் விழுந்திருந்தது. கருவறைக்குள் தண்ணீர் நின்றது. பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். வீடு போனது சின்ன விஷயமில்லை. படகுகள் போனது அதைவிடப் பெரிது. ஆனால் அழுவதற்கு இருநூற்றுப் பதினெட்டுப் பேரும் இருந்தார்கள்.

எட்டாம் நாள் மஞ்சள் நீராட்டு. அதைக் கட்டடத்து வாசலிலேயே நடத்தினார்கள். தண்ணீர் வடிந்து வெயில் அடித்தது. குழந்தைகள் தாசில்தார்மேல் ஒரு குடம் மஞ்சள்தண்ணீரைக் கவிழ்த்தார்கள். பூசாரி ஒவ்வொருவர் கையிலிருந்தும் காப்பை அவிழ்த்தார். யாரோ அவசரத்துக்குக் கத்தரியைக் கொண்டுவந்து நீட்டினார்கள். அவர் வேண்டாம் என்று தள்ளிவிட்டு, ஒவ்வொரு முடிச்சாகப் பல்லால் கடித்து அவிழ்த்தார்.

எல்லாம் முடிந்ததும் குப்பத்தில் வெள்ளத்தில் சாய்ந்து கிடந்த மற்ற மூன்று வேப்பங்கழிகளையும் எடுத்துவந்து வாய்க்காலில் விட்டார்கள். மேற்குக் கழி அருகில் வந்ததும் பூசாரி நின்றார்.

"இது இங்கயே இருக்கட்டும். வருசாவருசம் தேட வேண்டியதில்லை. ஆத்தாளுக்கும் மாடி பிடிச்சிருக்கு."

சந்தனமாரி மொட்டைமாடியை அண்ணாந்து பார்த்தாள். "அப்ப கருவாட்டை எங்கய்யா காயவைக்கிறது?"

"ஆத்தாளைக் கேளு," என்றார் பூசாரி. எல்லோரும் சிரித்தார்கள். மூன்று நாளில் அதுதான் முதல் சிரிப்பு.

தாசில்தார் வாய்க்கால் கரைக்குப் போனார். அவிழ்த்த காப்பை ஒரு கையிலும், பையிலிருந்த பழைய கயிற்றை மறுகையிலும் எடுத்துக்கொண்டார். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுத் தண்ணீரில் விட்டார். அது வேப்பங்கழிகளோடு சேர்ந்து போனது.

சாயங்காலம் அண்டா தேய்க்க உட்கார்ந்தபோது தவமணியம்மாள் அடிப்பிடித்த கஞ்சிப் பானையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். தாசில்தார் தேய்ப்பதை நிறுத்தினார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"அன்னிக்கு அந்தப் பூ வலது பக்கம் விழலைன்னா?"

"வேற கேள்வி கேட்டிருப்பீங்க."

"அதுக்கும் விழலைன்னா?"

"இன்னொண்ணு கேட்டிருப்பீங்க."

"அதுக்கும் விழலைன்னா? நான் எழுந்து வந்திருந்தா?"

அம்மாள் அவருடைய மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினார். கயிறு இருந்த இடத்தில் மஞ்சள் இன்னும் போகவில்லை.

"காப்புக் கட்டின ஆளு, வேற எங்க போயிருப்பீங்க தாசில்தாரே?"